குளுந்த காத்து

ஏசி இருக்கிறது என்பதற்காகத்தான் முதலில் எல்லோரும் படிக்கப் போனார்கள்.

கடலூர் சிப்காட்டில் சாயத்துக்கான ரசாயனம் காய்ச்சுகிற கம்பெனி அது. 2010 ஆடியில் கைமாறியது. புதிதாக வாங்கியவர்கள் கேன்டீனை ஒட்டியிருந்த பழைய ஸ்டோர் ரூமுக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, நாலு கம்ப்யூட்டர் வைத்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரும் வெப்சைட்டில் இருபத்து நாலு பாடம் படிக்க வேண்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துக் கேள்வி, எல்லாம் முடிப்பவர்களை நிரந்தரம் செய்வது பற்றிக் கம்பெனி யோசிக்கும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். 'யோசிக்கும்' என்ற சொல்லை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

முப்பத்தோரு பேர் பெயர் கொடுத்தார்கள். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்குக் குளித்துவிட்டு வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்வார்கள். ஹெட்போனுக்குள் ஒரு பெண் சுத்தத் தமிழில் பாடம் சொல்வாள். அஞ்சு நிமிஷத்தில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். மவுஸ் பத்து நிமிஷம் அசையாமல் இருந்தால் ஆள் இல்லை என்று வெப்சைட் மூடிக்கொள்ளும். அதனால் முறை வைத்துக்கொண்டு ஒருவன் விழித்திருந்து நாலு மவுஸையும் ஆட்டிக்கொண்டே இருப்பான். ஆயுத பூஜைக்கு ஒன்பது பேர் மிஞ்சினார்கள். நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியல் எப்போதோ தயாராகிவிட்டது, இதெல்லாம் கண்துடைப்பு என்று தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பேச்சு கிளம்பியது. தீபாவளிக்குப் பிறகு ஒரே ஆள்தான் வந்தான். காத்தவராயன்.

முப்பத்தொன்பது வயது. காரைக்காட்டுக்காரன். பத்தாவதில் மூன்று பாடம் கோட்டைவிட்டுப் பள்ளிக்கூடத்தோடு உறவை முடித்துக்கொண்டவன். கம்பெனியில் பதினோரு வருஷமாக ஹெல்ப்பர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், படிக்கும்போது உதடு அசையும். அதை மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். "காத்தவராயன் மந்திரம் ஓதுறான்டா, எந்திரிச்சி நில்லுங்க" என்பார்கள்.

நிரந்தரம் கிடைக்கும் என்று அவனும் பெரிதாக நம்பவில்லை. ஆனாலும் போனான். சரியான விடையை அமுக்கினால் திரையில் ஒரு பச்சை டிக் விழும். தப்பாக அமுக்கினால், 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று அந்தப் பெண் அதே குரலில் சொல்வாள். அவன் படித்த பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தவனை மீண்டும் முயற்சிக்கச் சொன்ன வாத்தியார் கிடையாது, முட்டி போடச் சொன்னவர்கள்தான். எட்டுப் பாடம்வரை அவனைப் பிடித்து வைத்தது அந்தப் பச்சை டிக்தான். வேறு பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

ஒன்பதாவது பாடத்தைத் திறந்தது கார்த்திகை மாதத்தில் ஒரு நாள். வெளியே மூன்று நாளாக மழை. உப்பனாறு ரோட்டுக்கு ஏறிவிட்டிருந்தது. ஏசி போட வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. பாடம் நைட்ரஜனைப் பற்றியது.

நைட்ரஜனுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை என்றாள் அந்தப் பெண். மூடிய கலத்துக்குள் அது நிறைந்தால் அங்கே இருக்கிற பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும். உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுவது தெரியாது. இருமல் வராது, வலிக்காது. இரண்டு மூச்சு இழுப்பதற்குள் நினைவு தப்பும். அஞ்சு நிமிஷத்தில் உயிர் போகும். பார்ப்பவர்கள் மயக்கம் என்றோ மாரடைப்பு என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

காத்தவராயன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். குரல் ஈ சத்தம்போல மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, பாடத்தை முதலிலிருந்து ஓட விட்டான்.

அந்தப் பிளான்ட்டில் ரியாக்டர் என்பது மூடி போட்ட பெரிய இரும்பு அண்டா. இரண்டு ஆள் உயரம். மேலே ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு வாய். அதன் பக்கத்தில் இரண்டு குழாய் வரும். ஒன்று கம்ப்ரஸர் காற்று. மற்றது நைட்ரஜன். கம்ப்ரஸர் காற்று எண்ணெய் வாடையோடு சூடாக வரும். நைட்ரஜன் ஈரமில்லாமல் சில்லென்று வரும். ஆட்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'குளுந்த காத்து'. கத்திரி வெயிலில் சட்டையின் முதல் இரண்டு பொத்தானைக் கழற்றி, ஹோஸை உள்ளே விட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்பார்கள். சாயப்பொடி படிந்த பேன்ட்டை அதனால் ஊதிச் சுத்தம் செய்வார்கள். பதினோரு வருஷமாக எல்லோரும் செய்தது. சூப்பர்வைசர்களும் செய்தார்கள்.

2007 மே மாதம், வருஷாந்திரச் சுத்தத்துக்காகப் பிளான்ட்டை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாம் நம்பர் ரியாக்டருக்குள் அடிப்பிடித்திருந்த சாயத்தைச் சுரண்ட சுப்பிரமணியன் இறங்கினான். காத்தவராயனின் அக்கா விருத்தாம்பாளின் புருஷன். காத்தவராயனைக் கம்பெனிக்குள் கூட்டிவந்து வேலை வாங்கிக் கொடுத்ததே அந்த மாமாதான். மாமாவுக்கு இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை மேலே கம்பியில் கட்டியிருந்தது. மேலே வாயோரம் காவலுக்குக் காத்தவராயன். உள்ளே ஊதுகிற ஃபேனை வேறு பிளாக்குக்காரர்கள் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

பத்து மணிக்கு உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். வேகுதுடா தம்பி, கொஞ்சம் காத்து வுடு என்றார்.

காத்தவராயனுக்கு எதிரே இரண்டு குழாயும் இருந்தன. கம்ப்ரஸர் காற்று சூடாக வரும், மாமாவுக்கு அது எதற்கு என்று நினைத்தான். குளுந்த காத்தைத் திருப்பி ஹோஸை உள்ளே விட்டான். "ஆங், அப்படியே புடிச்சிக்க" என்றார் மாமா. அப்படியே பிடித்துக்கொண்டான். சுரண்டுகிற சத்தம் நின்றது. வெயிலுக்குக் கொஞ்சம் இளைப்பாறுகிறார் என்று எண்ணினான். கை வலித்தபோது ஹோஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். இருபது நிமிஷம் பிடித்திருந்தான். சூப்பர்வைசர் வந்து கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாமல் கயிற்றை இழுத்துத்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

கம்பெனிக்கு வருகிற டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். உடம்பை அறுக்க வேண்டாம் என்று வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் அதை நம்பியதற்குக் காரணம் அக்காதான். அன்று காலை புறப்படும்போது சுப்பிரமணியன் நெஞ்சு கரிக்குது என்று சொல்லியிருக்கிறான். முதல் நாள் ராத்திரி அக்கா வைத்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மூன்று தட்டுச் சோறு தின்றால் கரிக்காமல் என்ன செய்யும் என்று சொல்லி, சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்து, லீவு போட விடாமல் அனுப்பிவிட்டாள். சாவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னாள். நெஞ்சு வலின்னு சொன்ன மனுசன சுக்குத்தண்ணி குடுத்து அனுப்பிச்ச பாவி நான் என்றாள். ஒவ்வொரு திதிக்கும் சொன்னாள். அந்த வீட்டில் அதன்பிறகு கருவாடு நுழையவில்லை. கடலோரத்தில் பிறந்த பொம்பளைக்கு அது சாதாரண விரதம் இல்லை.

ஒவ்வொரு தடவையும் காத்தவராயன்தான் சமாதானம் சொல்வான். "நீ என்னாக்கா பண்ணுவ, அவுரு விதி" என்பான்.

ஒன்பதாவது பாடத்தைக் கேட்டபிறகு அந்தச் சமாதானம் அவன் வாயில் வரவில்லை.

பாடத்தின் முடிவில் பத்துக் கேள்வி. ஏழாவது கேள்வி இது: கலத்தின் உள்ளே வேலை செய்பவர் புழுக்கமாக இருக்கிறது என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்கு நாலு விடை. அருகில் உள்ள குழாயிலிருந்து காற்று கொடுப்பேன் என்பது முதலாவது. உடனே வெளியே வரச் சொல்வேன் என்பது மூன்றாவது. எது சரி என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். காத்தவராயன் ஆறு கேள்விவரை அமுக்குவான். ஏழாவது வந்ததும் கை நின்றுவிடும். மூடிவிட்டு எழுந்து போவான். மறுநாள் மறுபடி வருவான்.

எதற்குப் போனான் என்று அவனைக் கேட்டால் அவனாலும் சொல்லியிருக்க முடியாது. முதலில் ஒரு ஓட்டை தேடித்தான் போனான். திறந்த வாய் இருந்தால் ஒன்றும் ஆகாது என்றோ, சின்ன ஹோஸ் என்றால் போதாது என்றோ எங்காவது ஒரு வரி இருக்காதா என்று எழுத்துக் கூட்டித் தேடினான். கிடைக்கவில்லை. பிறகு, வலிக்காது என்று பாடம் சொல்கிற பெண் சொல்லும் இடத்தைக் கேட்பதற்காகப் போனான். அதன்பிறகு ஒன்றுக்காகவும் இல்லை, கால் தானாகப் போயிற்று. சொத்தைப் பல்லை நாக்கு சும்மா விடுவதில்லை.

தை மாதம் அந்த ரூம் மறுபடி ஸ்டோராகிவிட்டது. கம்ப்யூட்டர்களை ஆபீசுக்கு எடுத்துப் போனார்கள். காத்தவராயன் முதுநகர் மார்க்கெட் பக்கம் ஹுமாயூன் என்பவர் நடத்துகிற பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தான். மூன்றாவது வாரம் ஹுமாயூன் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "ஏன் மச்சான், வர்றவனெல்லாம் ரயில் டிக்கெட் போடுறான், ரிசல்ட் பாக்குறான், துபாய்ல இருக்கிற புள்ளகிட்ட பேசுறான். நீ ஒரே பக்கத்த வச்சிக்கிட்டு குந்தியிருக்கியே, அதுல என்னா புதையலா இருக்குது?"

"பாடம் பாய். ஏற மாட்டேங்குது" என்றான்.

"ஏறாத பாடத்த விட்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போவ வேண்டியதுதானே."

"இத முடிச்சாத்தான் அடுத்தது தொறக்கும்."

"அப்ப முடி."

காத்தவராயன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

வேலையில் அவன் நடப்பு மாறியிருந்தது. யாராவது குளுந்த காத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டால் ஓடிப்போய் வால்வை மூடுவான். ஏன்டா என்று கேட்டால் லைன்ல பிரஷர் கம்மியாவுதுன்னு ஆபீசர் திட்டுறாரு என்பான். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். முப்பது பேரில் ஒருவன்கூட ஒன்பதாவது பாடம்வரை வந்திருக்கவில்லை. கம்பெனி முழுக்க அந்த விஷயம் தெரிந்த காண்ட்ராக்ட் ஆள் அவன் ஒருவன்தான்.

மாசி பிறந்ததும் பிரீதா என்றொரு பெண் வந்தாள். சிதம்பரத்தில் எம்.பி.ஏ. படிக்கிறவள். வேலைக்குப் போகிற பெரியவர்கள் வெப்சைட்டில் படிப்பதை எதனால் தொடர்கிறார்கள், எதனால் விடுகிறார்கள் என்பது அவளுடைய பிராஜெக்ட். விட்ட முப்பது பேரையும் கேன்டீனில் உட்காரவைத்து விசாரித்தாள். டயம் இல்லை என்றார்கள், கண் வலி என்றார்கள். ஒருவன் மட்டும், வந்ததே ஏசியில் தூங்கத்தான், மழை வந்ததும் அது தேவைப்படவில்லை என்று உண்மையைச் சொன்னான். கடைசியில் காத்தவராயனிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். முப்பத்திரண்டு வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அஞ்சு கட்டம். இந்த இணையதளம் என் வேலைக்குப் பயன்படுகிறது. இதைப் பயன்படுத்துவது எளிது. எதிர்பார்த்ததைவிடத் திருப்தியாக இருக்கிறது. என் சக ஊழியர்கள் என்னை ஊக்குவிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்திலேயே டிக் போட்டுக்கொண்டு போனான்.

பிரீதா கையில் இன்னொரு தாள் வைத்திருந்தாள். யார் எந்தப் பாடத்தை எத்தனை தடவை திறந்தார்கள் என்று வெப்சைட்டே எழுதிவைத்திருந்த கணக்கு.

"அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? மத்தப் பாடமெல்லாம் ரெண்டு தடவ, மூணு தடவ தொறந்திருக்கீங்க. ஒன்பதாவது மட்டும் அறுபத்தேழு தடவ. ஆறு கேள்வி முடிச்சிட்டு ஏழாவதுல மூடிடுறீங்க. பதில் தெரியலயா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சா ஏன் அமுக்கல?"

காத்தவராயன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல அதுக்குக் கட்டம் இல்லியேம்மா."

கடைசியில் 'வேறு காரணம் இருந்தால்' என்று ஒரு கோடு இருக்கிறது, அதில் எழுதலாம் என்று காட்டினாள். நாலு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவள் வற்புறுத்தவில்லை. கோட்டின்மேல் ஒரு சின்னக் கிடைக்கோடு போட்டுக்கொண்டு அடுத்த தாளுக்குப் போனாள்.

ஆனால் அந்த அறுபத்தேழு ஆபீசுக்குப் போய்விட்டது. பயிற்சி ஆபீசர் தில்லைநாதன் புதிய நிர்வாகத்தோடு வந்தவர், நல்ல மனிதர், பழைய கதை எதுவும் தெரியாது. ஒரு காண்ட்ராக்ட் ஆள் பாதுகாப்புப் பாடத்தை அறுபத்தேழு தடவை படித்திருக்கிறான் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மார்ச் நாலாம் தேதி பாதுகாப்பு தினம், அன்றைக்கு மேடையில் உனக்கு ஷீல்டு, ரெண்டு வார்த்தை மைக்கில் பேச வேண்டும், வெள்ளைச் சட்டையில் வா என்றார். பேர் நிரந்தரத்துக்கும் போயிருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிறகு ஃபைலைப் புரட்டி, சுப்பிரமணியன் என்று இங்கே வேலையில் இருக்கும்போது மாரடைப்பில் இறந்தவர் உன் மாமாதானா என்று கேட்டு, அந்தக் குடும்பத்தையும் மேடையில் உட்காரவைத்துக் கௌரவிக்கலாம் என்று அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். நாலு வருஷமாக அந்தக் கேட்டுக்குள் கால் வைக்கவில்லை, தம்பி படிச்சிப் பரிசு வாங்குறதப் பாக்கவாவது வர்றேன் என்றாள். அவர் இருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாரு என்றும் சொன்னாள். காத்தவராயன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். கை வலித்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

மார்ச் மூன்றாம் தேதி லீவு போட்டுவிட்டு முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறினான். ஆலப்பாக்கம் தாண்டியதும் அறுத்த வயல்களில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் மெகா சீரியல் கதையை முட்லூர்வரை சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

அக்கா அண்ணாமலைநகரில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலையில் இருந்தாள். புருஷன் போனபிறகு கடலூரில் இருக்கப் பிடிக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் வந்தவள். மகளுக்கு அப்போது பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மெஸ்ஸின் பின்கட்டில் தகரக் கொட்டகை. அருவாமனையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கொத்சுக்கு ஒரு மூட்டைக் கத்திரிக்காயை நறுக்கி நறுக்கித் தண்ணீர் அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்கிற பெண் லீவு. நறுக்கியது கறுப்பதற்குள் தண்ணீரில் விழ வேண்டும். அதனால் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"வாடா. நாளைக்கி எத்தினி மணிக்கி வரணும்? அரக்குப் பொடவ எடுத்து வெச்சிருக்கேன். ரொம்ப பளிச்சின்னு இருக்குமோன்னு பயமா இருக்குது."

காத்தவராயன் எதிரே குந்தி, காம்புகளைக் கிள்ளிப் போட ஆரம்பித்தான். பத்துக் காய் கிள்ளியபிறகு சொன்னான்.

"யக்கா, மாமாவுக்கு அன்னிக்கி நெஞ்சு வலி இல்ல."

"டாக்டரே எழுதிக் குடுத்தாரு. காலையில கரிக்குதுன்னு எங்கிட்டதானே சொன்னாரு."

"கரிச்சது கருவாட்டுக் கொழம்புதான். செத்தது அதனால இல்ல. நான் வுட்ட காத்தாலதான் செத்தாரு."

அருவாமனை ஓடிக்கொண்டே இருந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு குழாய் இருந்தது, சூடாக இருக்கும் என்று ஒன்றை ஒதுக்கியது, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மற்றதைத் திருப்பியது, அவர் அப்படியே பிடித்துக்கொள்ளச் சொன்னது, கை மாற்றிக்கொண்டது, இருபது நிமிஷம். பிறகு வெப்சைட்டில் அந்தப் பாடம் சொன்னது. அழாமல் சொன்னான். அறுபத்தேழு தடவை கேட்டதால் வார்த்தைகள் வரிசையாக வந்தன.

அக்கா கையிலிருந்த காயை நறுக்கி முடித்துத் தண்ணீரில் போட்டாள். பிறகு கேட்டாள்.

"மூச்சு முட்டிச்சா அவுருக்கு?"

"முட்டாதாம். ரெண்டு மூச்சுல நெனப்பு போயிடுமாம். வலிக்காதாம்."

"அதுவும் அதுல போட்டிருக்குதா?"

"போட்டிருக்குது."

இன்னும் நாலு காய் நறுக்கினாள். "நீ இத எப்பத் தெரிஞ்சிக்கிட்ட?"

காத்தவராயன் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. ஹோஸைப் பற்றி, குழாயைப் பற்றி, ஏன்டா அப்படிச் செய்தாய் என்பதைப் பற்றிக் கேட்பாள் என்றுதான் பஸ்ஸில் பதில் தேடிக்கொண்டு வந்தான்.

"கார்த்திகையில" என்றான்.

அருவாமனை நின்றது. ஈரக் கையால் விரல் மடக்கினாள். கார்த்திகை, மார்கழி, தை, மாசி.

"பொங்கலுக்கு வந்தியே."

"ஆமாங்கா."

"அவுரு படத்துக்கு முன்னாடி நான் அழுவுறேன். சுக்குத்தண்ணி குடுத்து அனுப்பிச்சேன், சுக்குத்தண்ணி குடுத்து அனுப்பிச்சேன்னு. நீ எதுத்தாப்புல குந்தி சோறு தின்னிக்கிட்டு இருந்த."

"ஆமாங்கா."

"நாலு வருசம் நீ சொல்லாதது எனக்குப் புரியிது. ஒனக்கே தெரியாது. இந்த நாலு மாசத்துக்கு என்னாடா சொல்ற?"

அக்கா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அரை மூட்டை மிச்சம் இருந்தது. துக்கத்துக்காகக் கத்திரிக்காய் காத்திருக்காது, பதினோரு மணிக்கு அடுப்பில் ஏற வேண்டும். அவன் காம்பு கிள்ளினான். அவள் நறுக்கினாள். இரண்டு பேருமாக மூட்டையை முடித்தார்கள். அண்டாவைச் சமையல்காரர் தூக்கிக்கொண்டு போனபிறகு, அக்கா குழாயடியில் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அத எனக்குக் காட்டு" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. காலேஜ் பிள்ளைகள் நடுவே இரண்டு பேரும் ஒரே தடுப்புக்குள் நெருக்கி உட்கார்ந்தார்கள். காத்தவராயன் நம்பரைப் போட்டுத் திறந்தான். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடம் முழுவதையும் கேட்டாள். இருபத்திரண்டு நிமிஷம். கண் திரையை விட்டு அசையவில்லை. வலிக்காது என்று அந்தக் குரல் சொல்கிற இடம் எப்போது வரும் என்று காத்தவராயனுக்குத் தெரியும். அந்த இடத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேள்விகள் வந்தன. ஆறு கேள்வியை அமுக்கினான். ஆறு பச்சை டிக். ஏழாவது வந்தது. அக்காவுக்கு எழுத்து தெரியாது. நாலு விடையையும் தணிந்த குரலில் படித்துக் காட்டினான்.

"இதாலதான் நாலு மாசம் நின்னியா?"

"ஆமா. மூணாவதுதான் சரி. அத அமுக்க எனக்குக் கை வரல. அன்னிக்கே தெரிஞ்சவன் மாதிரி ஆயிடும்."

"மூணாவது இருக்கட்டும். அன்னிக்கி நீ என்னா பண்ணியோ அத அமுக்கு."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அமுக்குடா."

முதல் விடையை அமுக்கினான். சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. ஹெட்போன் அக்காவின் காதில் இருந்ததால் அந்தப் பெண் சொன்னது அவளுக்கு மட்டும் கேட்டது. என்ன சொல்லியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஒங்கூட வேல செய்யிறவனுங்க இன்னமும் அந்தக் காத்த சட்டைக்குள்ள வுட்டுக்குறானுங்களா?"

"வுட்டுக்குறானுங்க. நான் பாத்தா மூடிடுவேன்."

"பாக்காதப்ப?"

அவன் மவுஸை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"நாளைக்கி நான் வர்றேன். மைக்குல நீ பேசணும்னு அந்த ஆபீசர் போன்ல சொன்னாரே. என்கிட்ட சொன்ன மாதிரியே அங்க சொல்லு. ரெண்டு கொழாயி, மாமா, இருவது நிமிசம், எல்லாம். கருவாடும் இல்ல, சுக்குத்தண்ணியும் இல்லன்னு சொல்லு."

"யக்கா, வேல போயிடும்."

"போவும்" என்றாள். "நீ சொல்லலன்னா நான் எந்திரிச்சி சொல்லுவேன். எனக்குப் பேசத் தெரியாது. கோர்வையா வராது. நீ சொன்னா ஒழுங்கா இருக்கும்."

வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் பரங்கிப்பேட்டையிலிருந்து வருகிற ஒரு அம்மாள் சாக்கு விரித்துக் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். அக்கா அவள் முன்னால் குந்தினாள். நெத்திலியில் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஈரமா இருக்குது, போன வாரத்துச் சரக்கா என்றாள். அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு அடியிலிருந்து வேறு எடுத்துப் போட்டாள். அக்கா அதையும் ஒடித்துப் பார்த்துவிட்டுக் கால் கிலோ போடச் சொன்னாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கும்போது பொட்டலத்தை அவனிடம் பிடித்துக்கொள்ளக் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டு நின்றான்.

சில்லறையைக் கொடுத்து முடித்ததும் கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"பத்து மணிக்கி கேட்டாண்ட இருப்பேன்" என்றாள்.

சாப்பிட வா என்று சொல்லவில்லை. பொட்டலத்தை மார்போடு வைத்துக்கொண்டு, வடக்கு வீதிப் பக்கம் நடந்துபோனாள்.